படிக்க முடியாத எழுத்தைப் பார்க்கப் போவது எப்படி: நெல்லையிலிருந்து ஒரு நாள்

திருநெல்வேலி டவுனில் முப்பது வருஷம் போர்டு எழுதிப் பிழைத்தவன் நான். ஜவுளிக்கடை, அல்வாக்கடை, கட்சிச் சுவர், லாரியின் பின்கதவு என்று எழுதாத இடமில்லை. பிளெக்ஸ் வந்ததும் பிரஷ்ஷைக் கழுவிக் காயப்போட்டாச்சு. இப்போது சனி, ஞாயிறில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படம் சொல்லிக்கொடுக்கிறேன். அவர்களைக் கூட்டிப்போக வருகிற அப்பா அம்மாக்கள் வாசலில் நின்று அடிக்கடி கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணாச்சி, இந்த மாடர்ன் ஆர்ட்டை எப்படித்தான் பார்க்கது? ஒண்ணும் விளங்க மாட்டேங்கே." அவர்களுக்கு வாசலில் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். அரூப ஓவியம், அதாவது இன்ன உருவம் என்று சொல்ல முடியாத ஓவியம், எதையும் நேரில் பார்க்காதவர்களுக்கான வழிகாட்டி இது. ஒரேயடியாகப் பல ஓவியர்களின் படத்தைப் பார்க்காமல், ஒரே ஆள், ஒரே கூடம், ஒரே நாள் என்று தொடங்கினால் போதும். நான் சொல்கிற ஆள் கே.சி.எஸ். பணிக்கர் என்ற ஓவியர். கூடம் திருவனந்தபுரத்தில் இருக்கிறது.

எங்கே, எப்போது

சென்னைக்குப் போக நமக்கு 600 கிலோமீட்டருக்கு மேல். திருவனந்தபுரம் சுமார் 150 தான். அங்கே நேப்பியர் மியூசியமும் மிருகக்காட்சிசாலையும் இருக்கிற அதே வளாகத்தில், ஸ்ரீ சித்ரா ஓவியக் கூடத்தை ஒட்டி, பணிக்கரின் படங்களுக்கென்றே தனிக் கூடம் உண்டு. 60-க்கும் மேற்பட்ட படங்கள். ஒருத்தர் வேலையை இத்தனை ஒன்றாகப் பார்ப்பது சாதாரணமாகக் கிடைக்காது.

திங்கட்கிழமை விடுமுறை. புதன்கிழமை காலையில் திறக்க மாட்டார்கள், மதியத்துக்கு மேல்தான். இதை அழுத்திச் சொல்லக் காரணம், நான் முதல் தடவை போனது ஒரு திங்கட்கிழமை. கட்டுச்சோற்றைப் புல்வெளியில் உட்கார்ந்து தின்றுவிட்டு, பூட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். பழைய கட்டடங்களில் பராமரிப்பு வேலை என்று ஒரு கூடத்தை மட்டும் மூடிவைப்பதும் உண்டு. அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் போன் போட்டு, "பணிக்கர் கூடம் திறந்திருக்கா?" என்று அந்தப் பேரைச் சொல்லியே கேளுங்கள். மியூசியம் திறந்திருக்கா என்று கேட்டால் ஆமாம் என்றுதான் சொல்வார்கள்.

ரயிலில் போனால் நாங்குநேரி, வள்ளியூர், நாகர்கோவில் வழி. பஸ் என்றால் வேய்ந்தான்குளம் புதிய பஸ் ஸ்டாண்டில் ஏறி நாகர்கோவிலில் மாறிக்கொள்ளலாம். இரண்டும் கடைசியில் தம்பானூரில் கொண்டுபோய் விடும். அங்கிருந்து மியூசியம் மூணு கிலோமீட்டர் போல இருக்கும். ஆட்டோவில் "மியூசியம்" என்றால் போதும்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம்

போகுமுன் இவ்வளவு தெரிந்தால் போதும். பணிக்கர் 1911-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். சின்ன வயதில் குடும்பத்துக்காகத் தந்தி இலாகாவில் வேலை பார்த்தார். 25 வயதில்தான் சென்னை ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பின்னால் அதே பள்ளிக்குப் பணிக்கரே முதல்வர் ஆனார். 1966-இல் தன் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு சென்னைக்குத் தெற்கே கடற்கரையோரம் சோழமண்டல ஓவியர் கிராமத்தைத் தொடங்கினார். துணியில் மெழுகு வைத்து பாத்திக் சாயம் போட்டு, கைவேலைப் பொருள்கள் செய்து விற்று, அந்தக் காசில் தங்கள் நிலத்தைத் தாங்களே வாங்கிய ஓவியர்கள் அவர்கள். பணிக்கர் 1977-இல் காலமானார்.

ஆரம்பத்தில் அவர் நீர்வண்ணத்தில் நிலக்காட்சி வரைந்தவர். தென்னை, தண்ணீர், பச்சை. அதில் பேரும் எடுத்தவர். பிறகு மனித உருவங்கள், தோட்டங்கள் என்று மாறிப் போய், 1963-இல், 52 வயதில், எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு ஒரு புது வழியைப் பிடித்தார். 'சொற்களும் குறியீடுகளும்' என்ற வரிசை. கடைசிவரை அதுதான். ஒரு மாணவனின் கணக்கு நோட்டில் எண்ணும் எழுத்தும் வடிவக் கணிதக் கோடுமாக நிறைந்திருந்த பக்கத்தைப் பார்த்ததிலிருந்து அது தொடங்கியதாக அவரே சொல்லியிருக்கிறார். முதலில் ஆங்கில எழுத்தும் சூத்திரமுமாக இருந்தது, போகப் போக மலையாள எழுத்துப் போலவும் ஜாதகக் கட்டம் போலவும் மாறியது. தந்தி ஆபீசில் நாள் முழுக்கப் புள்ளியும் கோடுமாகப் பார்த்த கண்ணுக்கு இது வராமல் இருக்குமா என்று எனக்குத் தோன்றும். அது என் சொந்த ஊகம், எந்தப் புத்தகத்திலும் தேட வேண்டாம்.

நன்றாக வரையத் தெரியாததால்தான் இப்படிக் கிறுக்குகிறார்கள் என்று யாராவது சொன்னால் இந்த வயதுக் கணக்கைச் சொல்லுங்கள். கை நன்றாகப் பழகி, முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்து, ஊருக்கெல்லாம் பாடம் சொன்ன பிறகு செய்தது இது.

வீட்டிலேயே பழகிக்கொள்வது

இதைச் செய்யாமல் போகாதீர்கள். பாதி வேலை இங்கே ஊரிலேயே முடிந்துவிடும்.

வீட்டில் பத்தமடைப் பாய் இருந்தால் விரித்துப் போடுங்கள். கல்யாணத்துக்கு வந்த பட்டுப்பாய் இருந்தால் இன்னும் நல்லது. அதில் என்ன படம் இருக்கிறது? ஒன்றும் இல்லை. கோரையின் வெளிர் மஞ்சள், ஓரத்தில் சிவப்புப் பட்டை, நடுவில் பச்சையோ கறுப்போ இரண்டு கோடு. "இந்தப் பாய்க்கு என்ன அர்த்தம்?" என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஆனால் கடையில் பத்துப் பாயை விரித்துக் காட்டினால் நம் வீட்டுப் பெண்கள் "இது வேண்டாம், அந்தச் செவப்பு கொஞ்சம் ஒடுங்கி இருக்குல்லா, அதை எடுங்க" என்று சட்டென்று சொல்லிவிடுவார்கள். கரை எவ்வளவு அகலம், நடுவில் எவ்வளவு வெறுமை, கோடு எங்கே நின்றால் கண்ணுக்கு உறுத்தாது என்கிற கணக்கு அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அரூப ஓவியம் பார்க்க அந்தக் கண்தான் வேண்டும். இருக்கிற கண்ணை எடுத்துக்கொண்டு போகிறோம், அவ்வளவுதான்.

அடுத்து, நெல்லையப்பர் கோயிலுக்குப் போகிற அன்று, சாமி கும்பிட்ட பிறகு கல்வெட்டு இருக்கிற சுவர்ப் பக்கம் ஐந்து நிமிஷம் நில்லுங்கள். நம்மில் பெரும்பாலோர்க்கு அதைப் படிக்க வராது. ஆனாலும் வரி நேராகப் போவது, எழுத்து நெருங்குவது, தூண் வந்ததும் வரி முறிந்து அடுத்த பக்கம் தொடர்வது, உளி ஆழமாக இறங்கின இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கு கறுத்துக் கிடப்பது, இதெல்லாம் தெரியும். ஆதிச்சநல்லூர்ப் பக்கம் போகிற வாய்ப்புக் கிடைத்தால் பானை ஓட்டில் கீறிய குறிகளையும் பாருங்கள். யாரோ ஒருத்தர் ஆணி மாதிரி எதையோ வைத்துக் கீறியிருக்கிறார். என்ன சொல்ல வந்தார் என்று முழுதாக யாராலும் சொல்ல முடியவில்லை. ஆனால் எந்தக் கோட்டை முதலில் கீறினார், எதை அதன் மேல் குறுக்கே இழுத்தார் என்பதை உற்றுப் பார்த்தால் நீங்களே சொல்லிவிடலாம்.

வீட்டு ஜாதகத்தையும் ஒரு தடவை எடுங்கள். பலன் பார்க்க வேண்டாம். பன்னிரண்டு கட்டம், நடுவில் வெற்றிடம், சில கட்டத்தில் மூன்று எழுத்து நெருக்கி, சிலவற்றில் ஒன்றும் இல்லை. கையெழுத்து ஜாதகமாக இருந்தால் எழுதினவருக்குக் கட்டம் போடும்போது கை நடுங்கியதா, எந்தக் கட்டத்தில் இடம் போதாமல் எழுத்தைச் சுருக்கினார் என்பதெல்லாம் தெரியும்.

குற்றாலத்துச் சித்திர சபையைச் சொல்லாமல் விட்டால் தென்காசிக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். சுவர் முழுக்க ஓவியம், போய்ப் பாருங்கள். ஆனால் அது கதை சொல்கிற ஓவியம், வேறு பழக்கம்.

வழியில்

பஸ்ஸில் ஜன்னல் ஓரம் பிடியுங்கள். காவல்கிணறு வரை காய்ந்த மண், கருவேலம், காற்றாலை. ஆரல்வாய்மொழிக் கணவாய் தாண்டியதும் பத்து நிமிஷத்தில் நிறம் மாறிவிடும். வாழை, தென்னை, குளம், ஈரப் பச்சை. பணிக்கர் இளமையில் வரைந்ததெல்லாம் இந்தப் பச்சையை. பின்னாளில் படத்தில் எழுதியதோ பல இடங்களில் காவி, பழுப்பு, சுண்ணாம்பு வெள்ளை, பழைய கணக்குப் புத்தகத்து நிறங்கள். நாகர்கோவிலில் டீ குடிக்கும்போது இதை நினைவு வைத்துக்கொள்ளுங்கள்.

கூடத்துக்குள்

முதலில் பணிக்கர் கூடத்துக்குப் போங்கள். எல்லோரும் செய்கிற தப்பு, அதே வளாகத்தில் இருக்கிற ரவி வர்மா படங்களைப் பார்த்துவிட்டு வருவது. ரவி வர்மா பட்டுப்புடவையின் ஜரிகையைக் கண்ணால் தொடுகிற மாதிரி எழுதியிருப்பார். அதைப் பார்த்த கண் உடனே இங்கே வந்தால் பட்டினி கிடக்கும். அவர் எங்கேயும் போய்விட மாட்டார், மதியம் பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே போனதும் ஒரு சுற்று, நிற்காமல், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்துவிடுங்கள். பத்து நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் கால் தானாகத் தயங்கியது என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது சுற்றில் அந்தப் படத்துக்கு மட்டும் திரும்பி வாருங்கள். எல்லாப் படத்துக்கும் சமமாக நேரம் கொடுக்க இது பந்தி இல்லை.

இனி நான் சொல்வது என் தொழிலில் கற்றது. ஒரு சுவர் விளம்பரத்தைப் பார்த்தால் என் கண் வாசகத்துக்குப் போகாது, வேலைக்குப் போகும். முதலில் பிரைமர், அதன் மேல் தரை நிறம், பிறகு நீலப்பொடி நூலடித்த கோடு, எழுத்தின் உடம்பு, ஷேடு, கடைசியாக அவுட்லைன். எவன் அவசரப்பட்டு தரை காயும் முன்னால் எழுத்தை ஏற்றினான் என்பதும் தெரிந்துவிடும். பணிக்கர் படத்தின் முன்னால் நின்று "இது என்ன?" என்று கேட்டால் பதில் வராது, நாலு நிமிஷத்தில் சலித்துப் போகும். "இதில் எது முதலில் நடந்தது?" என்று கேளுங்கள். பதில் உங்கள் கண் முன்னாலேயே இருக்கும்.

எப்படி என்று சொல்கிறேன். நாலடி தள்ளி நின்று தரை நிறத்தை முதலில் கண்டுபிடியுங்கள். உருவங்களுக்கு நடுவே மிச்சமாகத் தெரிகிற நிறம் அது. அது முழுக்க ஒரே மாதிரி இருக்கிறதா, மூலைக்கு மூலை மாறுகிறதா? பிறகு பெரிய பிரிவுகள்: கட்டம், வட்டம், அட்டவணை மாதிரிப் பத்தி பிரித்த கோடுகள். அந்தக் கோடு தரைக்கு மேல் இழுத்ததா, அல்லது இரண்டு பக்கமும் நிறத்தைப் பூசி நடுவில் விட்டதா? இரண்டும் தூரத்தில் ஒன்றுபோலத் தெரியும். கிட்டப் போனால் விட்ட கோட்டின் ஓரம் கொஞ்சம் அலையும். அதற்குப் பிறகு மீன், பறவை, மிருகம், ஆள் மாதிரி ஏதாவது கண்ணில் படலாம். பட்டால் சந்தோஷம், அதைப் பிடித்துக்கொண்டு கதை கட்ட வேண்டாம். கடைசியாக எழுத்து.

எழுத்துக்கு வரும்போது கிட்டப் போங்கள். கம்பித் தடுப்பு இருந்தால் அதற்கு இந்தப் பக்கம் நின்று குனியுங்கள், விரல் மட்டும் நீட்டாதீர்கள். வரிசை வரிசையாகப் பொடி எழுத்து. பார்த்தால் மலையாளம் போல இருக்கும். நான் முதல் தடவை நின்றபோது பக்கத்தில் ஒரு உள்ளூர்க்காரர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன எழுதியிருக்கு சேட்டா?" என்று கேட்டேன். அவர் ஒரு வரியை விரலால் காற்றிலேயே தொடர்ந்து போய், பாதியில் சிரித்துவிட்டார். "மலையாளம் போலத்தான் இருக்கு. ஆனா ஒண்ணும் இல்லை." எனக்கு அப்போது வந்த நிம்மதி சொல்லி முடியாது. அதுவரை எனக்கு மட்டும்தான் படிக்கத் தெரியவில்லை என்று கூசிக்கொண்டிருந்தேன்.

படிக்க ஒன்றும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் எழுத்து தெரிய ஆரம்பித்தது. பிரஷ்ஷை நிறத்தில் முக்கி எழுதத் தொடங்கினால் முதல் எழுத்து தடித்து நிற்கும், போகப் போக மெலியும், பிறகு திரும்ப முக்கின இடத்தில் மறுபடி தடிக்கும். முப்பது வருஷம் நான் மறைக்கப் பாடுபட்ட விஷயம் இது. கடைக்காரர் போர்டில் 'ஸ்டோர்ஸ்' என்ற சொல்லில் 'ர்'-ஐ விட 'ஸ்' மெலிந்து போனால் காசு தர மாட்டார். இங்கே ஒருத்தர் மெலிந்ததை மெலிந்தபடியே விட்டுவைத்தால் அந்தத் தடிமன் ஏறி இறங்குவதே மூச்சு மாதிரி ஓடும். நீங்கள் போகும்போது ஒரே ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து, எந்தெந்த இடத்தில் பிரஷ் மறுபடி முக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தப்பாக எண்ணினாலும் பரவாயில்லை, எண்ணுகிற நேரம் முழுக்க நீங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பிறகு மறுபடி பத்தடி பின்னால் வாருங்கள். எழுத்தெல்லாம் சேர்ந்து ஒரு சாம்பல் நிறப் பட்டையாகிவிடும், பத்தமடைப் பாயின் கோடு மாதிரி. அந்தப் பட்டை படத்தை எங்கே தாங்குகிறது, அதை விரலால் மறைத்தால் படம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலை நீட்டி மறைப்பது பழைய வித்தை. காவலர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், கண்டுகொள்ளாதீர்கள்.

ஆரம்பகால நிலக்காட்சி ஏதாவது கூடத்தில் கண்ணில் பட்டால், அதையும் பின்னாளைய படம் ஒன்றையும் மாற்றி மாற்றி நடந்து பாருங்கள். முதலாவதில் எதையெல்லாம் செய்யத் தெரிந்திருக்கிறது, இரண்டாவதில் எதையெல்லாம் வேண்டாம் என்று விட்டிருக்கிறார் என்பது கால் வலியோடு சேர்ந்து மனதில் ஏறும்.

மூன்று நான்கு படம் இப்படிப் பார்த்தால் அன்றைக்குப் போதும். ஒன்றரை மணி நேரம் தாண்டினால் கண் மரத்துவிடும். போட்டோ எடுக்க விடுவார்களா என்று வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். விட்டாலும் எடுக்காமல் ஒரு சின்ன நோட்டில் பென்சிலால் கட்டங்களை மட்டும் போட்டு, நிறத்தின் பேரைத் தமிழில் எழுதிக்கொள்வது நல்லது. காவி, மண், சாம்பல், வெந்தய நிறம், பாக்குச் சாயம். பேர் தேடும்போதுதான் அந்த நிறத்தைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது தெரியும்.

யாரோடு போவது

தனியாகவோ, பேசாமல் நிற்கத் தெரிந்த ஒருத்தரோடோ. பிள்ளைகளோடு போவதென்றால் மிருகக்காட்சிசாலையை முதலில் காட்டிவிடுங்கள், இல்லையென்றால் நீங்கள் படம் பார்த்து முடிகிற வரை நை நை என்று பிடுங்குவார்கள். ஆனால் உள்ளே வந்துவிட்டால் நம்மை விட அவர்கள் தேவலை. என் அக்கா பேத்தி ஒரு படத்தைப் பார்த்து, "தாத்தா, இது கணக்கு டீச்சர் அழிக்க மறந்த போர்டு" என்றாள். பணிக்கரின் கணக்கு நோட்டு விஷயத்தை நான் அவளுக்குச் சொல்லவே இல்லை.

அடுத்து எங்கே

இது பிடித்துப் போனால் அடுத்த படி சென்னை. நெல்லை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் காலையில் சென்னை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் இருக்கிறது. 2009-இல் அங்கே ஒரு மியூசியம் திறந்தார்கள், பணிக்கரோடு அவர் காலத்துச் சென்னை ஓவியர்கள், அவர் மாணவர்கள் என்று பலருடைய வேலையும் இருக்கும். எழும்பூர் அரசு அருங்காட்சியகம் வெள்ளிக்கிழமை விடுமுறை, அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கே.எம். ஆதிமூலத்தின் படம் எங்கே மாட்டியிருந்தாலும் விடாதீர்கள். கோட்டோவியத்தில், காந்தியை வரைவதில் அவ்வளவு பேர் வாங்கிய மனிதர், பின்னாளில் கோட்டையே விட்டுவிட்டு நிறத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். அதே "எது முதலில்" கேள்வியை அங்கேயும் கேட்கலாம், ஆனால் பதில் கொஞ்சம் கஷ்டம்; நிறத்தின் மேல் நிறம் ஏறி அடியில் இருப்பது அங்கங்கே மட்டும் எட்டிப் பார்க்கும்.

திரும்பும் வழி

இருட்டுவதற்கு முன் தம்பானூர் வந்துவிட்டால் நாகர்கோவிலுக்கு பஸ் நிறைய உண்டு. போன தடவை என் வீட்டுக்காரியோடு போயிருந்தேன். ஸ்டாண்டில் ஒரு பஸ் வந்து நின்றது, முன்னால் மலையாளத்தில் மட்டும் எழுதின போர்டு. கையால் எழுதினது, மஞ்சள் தரையில் கறுப்பு, இரண்டாவது எழுத்தின் சுழியில் பிரஷ் வறண்டு போய் மயிர்க்கோடாக முடிந்திருந்தது. அதை முழுசாகப் பார்த்துவிடலாம் என்று கிட்டப் போனேன். கண்டக்டர் விசில் ஊதினார், பஸ் கிளம்பிப் போனது.

"அது நாகர்கோவில் பஸ் தானே?" என்றாள்.

"தெரியலையே."

"படிக்கத் தெரியாட்டா ஆள்கிட்ட கேக்க வேண்டியதுதானே. அங்கன என்னத்தைப் பாத்துட்டு நின்னியோ!"

அடுத்த பஸ்ஸுக்கு அரை மணி நேரம் ஆனது. அந்த போர்டில் தமிழும் இருந்தது.